பொன்வயலும் பொய்முகமும்

சீன நாட்டின் பெயர் நம் அன்றாடப் பேச்சில் கலந்து கிடக்கிறது. தென்பாண்டிச் சீமையார் சர்க்கரையைச் சீனி என்பர். அடுப்பில் ஏறுவது சீனச்சட்டி. திருவிழாவில் வெடிப்பது சீனவெடி. சித்த மருத்துவர் படிகாரத்தைச் சீனக்காரம் என்பார். பட்டும் பீங்கானும் அந்நாட்டின் பெயரோடு சேர்த்தே நமக்கு அறிமுகமாயின. பொருள்கள் இவ்வாறு உறவாக வந்து சேர்ந்தன. ஆனால் அந்நாட்டு மனிதர் நமக்கு எவ்வாறு வந்து சேர்ந்தார்? இடுங்கிய கண்ணும், தொங்கும் மெல்லிய மீசையும், பொருள் விளங்காச் சிரிப்பும், நெஞ்சில் வஞ்சமும் கொண்ட ஒரே உருவமாகவே கதைகளிலும் திரைப்படங்களிலும் பெரும்பாலும் வந்தார்.

தங்கவயலில் வேர்விட்டு வாழும் தமிழராகிய நாம் இதனை ஏன் ஆராய வேண்டும் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. அந்தப் பொய்முகம் வரையப்பட்ட இடங்களுள் தலையாயவை பொன் விளைந்த நிலங்களே. அதனை வரைந்த கை, பின்னொரு நாள் நம் முன்னோரின் கையையும் பற்றியது. அந்த வரலாற்றைத் தொடர்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய முகம்

முதலில் ஓர் உண்மையை நினைவிற்கொள்வோம். சீனரைப் பற்றித் தமிழர் கொண்டிருந்த முதல் அறிவு கேலிச்சித்திரத்தால் வந்ததன்று. கி.பி. 1015-இல் சோழநாட்டுத் தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசின் அவையை அடைந்தது. 1033-இலும் 1077-இலும் மேலும் தூதுகள் சென்றன. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயில் எழுப்பினர். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. இலங்கையின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட கல், 1409-ஆம் ஆண்டின் பெயரால் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ பொறித்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளும் அருகருகே நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் என்னும் சீனத் துறவி அறநூல்களைத் தேடி வந்து காஞ்சி நகரைக் கண்டு எழுதி வைத்தார்.

தூதர், வணிகர், துறவி ஆகிய மூவரே தமிழர் முதலில் அறிந்த சீனர். நம் தங்கவயலில் இத்துறவியின் நினைவுக்குத் தனியொரு மதிப்பு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வலுவாகக் காலூன்றியது. அவர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழைப் பின்னாளில் இங்கிருந்தே கோ. அப்பாதுரையார் நடத்தினார். பகலிரவாகப் பாறை உடைத்த தொழிலாளரின் குடியிருப்புகளில் புத்தரின் வரலாறு படிக்கப்பட்டது. அவ்வாறு படித்தவர்க்குச் சீனம் வஞ்சகரின் நாடன்று. அறம் சென்று தங்கிய நாடு. இந்தப் பழைய முகம் பின்னர் எவ்வாறு மறைந்தது?

பொன்னும் பகையும்

1848-இல் கலிபோர்னியாவில் பொன் கிடைத்தது. 1851-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்சிலும், 1861-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோவிலும் பொன் வேட்டை தொடங்கியது. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் ஓடினர். தென்சீனத்துக் குவாங்டுங் மாநிலத்து உழவரும் அவர்களோடு சென்றனர். வெள்ளையர் தோண்டிக் கைவிட்ட குழிகளை அவர்கள் மீண்டும் கிளறி, பொறுமையோடு அரித்துப் பொன் எடுத்தனர். அந்தப் பொறுமையே குற்றமாயிற்று.

கலிபோர்னியா 1850-இல் அயல்நாட்டுச் சுரங்கத்தார் மீது வரி விதித்தது. விரைவில் அவ்வரியின் பாரம் சீனர் தலையிலேயே விழுந்தது. விக்டோரியா 1855-இல் கப்பலில் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுன் தலைவரி விதித்தது. அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கான சீனர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகவே பொன்வயல்களை அடைந்தனர். வடார்க்காட்டிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு இம்மேட்டுநிலத்திற்கு ஏறிவந்த நம் முன்னோரின் பயணத்தை எண்ணுவோர்க்கு அந்நடையின் துயரம் விளங்கும். 1861-இல் லேம்பிங் பிளாட் என்னுமிடத்தில் சீனரின் கூடாரங்கள் சூறையாடப்பட்டன. 1882-இல் அமெரிக்க நாடு சீனத் தொழிலாளர் நுழைவையே சட்டத்தால் தடுத்தது. அத்தடை 1943 வரை நீடித்தது.

இத்தகைய கொடுமைக்கு ஒரு நியாயம் கற்பிக்க வேண்டியிருந்தது. அதனைக் கற்பித்தவை செய்தித்தாள்களும் கதைகளுமே. சிட்னியின் 'புல்லட்டின்' இதழ் 1886-இல் சீனரை எட்டுக் கைகளால் நாட்டையே நெரிக்கும் கடல்விலங்காக வரைந்து வெளியிட்டது. கைக்கொரு தீமை என்று எழுதி, தொழிலாளரின் கூலியைக் குறைப்பவர் முதல் நோய் பரப்புபவர் வரை எல்லாப் பழியையும் அவ்வுருவின்மேல் ஏற்றினர். முதலில் வரியும் தடையும் வந்தன. அவற்றைத் தாங்கி நிறுத்தும் முட்டுக்கட்டையாகப் படம் வந்தது. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

இவ்வுலகப் பொன்வேட்டையிலிருந்து பிரிந்த ஒரு கிளையே நம் தங்கவயல். நியூசிலாந்துப் போரில் பணிபுரிந்து, அங்குப் பொன்தேடும் முறையைக் கண்டறிந்து, பெங்களூரில் ஓய்வாக வாழ்ந்த மைக்கேல் பிட்ஸ்ஜெரால்ட் லாவெல் என்னும் ஐரிஷ் வீரரே 1873-இல் கோலாரில் சுரங்கம் தோண்ட மைசூர் அரசிடம் உரிமை வேண்டினார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு வந்தனர். பொன்தேடும் அறிவு அங்கிருந்து வந்தபோது, கூலியாளைப் பார்க்கும் பார்வையும் உடன் வந்தது.

கதையில் வளர்ந்த உருவம்

ஒரு பொய்யுருவம் எத்துணை வலியது என்பதற்குச் சான்று ஒன்று காண்போம். அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட் 1870-இல் சீட்டாட்டத்தைப் பற்றி நகைச்சுவைப் பாடல் ஒன்று எழுதினார். அதில் வெள்ளையரும் ஏமாற்றுகிறார், சீனரும் ஏமாற்றுகிறார். பழி மட்டும் சீனர்மேல் விழுகிறது. வெள்ளையரின் இரட்டை நீதியை எள்ளவே அவர் எழுதினார். ஆனால் மக்கள் எள்ளலை விட்டுவிட்டு, சீனர் வஞ்சகர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டனர். சீனரின் பகைவர் அப்பாடலையே படைக்கலமாக ஏந்தினர். ஆசிரியரின் உள்நோக்கம் நல்லதாயினும், படிப்போர் நெஞ்சில் முன்னரே ஓர் உருவம் குடியிருக்குமாயின் அதுவே வெல்லும் என்பது இதனால் புலனாகும்.

பின்னர் 1913-இல் ஆங்கில எழுத்தாளர் சாக்ஸ் ரோமர் டாக்டர் பூ மான்சூவைப் படைத்தார். நஞ்சும் நச்சுப் பூச்சியும் கொண்டு உலகை வெல்ல முயலும் அந்தச் சீன அறிஞன் நாவல்களில் பிறந்து திரைக்குச் சென்றான். 1932-இல் ஆங்கில நடிகர் போரிஸ் கார்லாப் அவ்வேடம் தாங்கினார். இதற்கு மாற்றாக 1925-இல் எர்ல் டெர் பிக்கர்ஸ் படைத்த சார்லி சான் நல்லவர், துப்பறிவதில் வல்லவர். ஆயினும் அவர் பணிந்து குழைந்து பழமொழி பேசும் பொம்மையாகவே வந்தார். திரையில் அவராக நடித்துப் புகழ்பெற்ற வார்னர் ஓலண்ட் சுவீடனில் பிறந்தவர். கெட்ட சீனரும் நல்ல சீனரும் ஒப்பனையில் பிறந்தவரே. சீனர் தம் முகத்தோடு தம் கதையில் நிற்க இடமில்லை.

இவ்வுருவம் உலகத்தையும் கடந்து சென்றது என்றால் வியப்பாக இருக்கும். 1934-இல் தொடங்கிய ஃபிளாஷ் கார்டன் படக்கதையில் வேற்றுக் கோளை ஆளும் கொடிய பேரரசனுக்கு மிங் என்று பெயர். அது சீன அரசமரபொன்றின் பெயர். அவன் கோளுக்கு மோங்கோ என்று பெயர். மீசையும் நீண்ட அங்கியும் அதே அச்சு. விண்வெளிப் பகைவனுக்கும் சீன முகமே ஒட்டப்பட்டது. பள்ளிப் பருவத்தில் படக்கதைகளைப் பகிர்ந்து படித்து மகிழ்ந்த நாம், அவற்றில் இருப்பது யாருடைய முகம் என்று கேட்டதில்லை.

ரேகை கேட்ட காலம்

இனி நம் வரலாற்றுக்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் முடிந்தபின், திரான்சுவால் பொற்சுரங்கங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. கூலி குறைக்கப்பட்டதால் ஆப்பிரிக்கத் தொழிலாளர் திரும்பி வர மறுத்தனர். எனவே 1904 முதல் 1907 வரை அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சீனர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வேலியிட்ட குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். அனுமதிச் சீட்டின்றி வெளியேறலாகாது. தேர்ச்சி வேண்டும் தொழில்கள் பட்டியலிட்டு விலக்கப்பட்டன. 1906-ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தேர்தலில் 'சீன அடிமைத்தனம்' பெரும் முழக்கமாயிற்று. அம்முழக்கத்தில் இரக்கமும் இருந்தது. சீன முகத்தைச் சுவரொட்டியில் காட்டி அச்சமூட்டும் கலையும் இருந்தது. 1910-க்குள் அச்சீனர் யாவரும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அந்தச் சீனத் தொழிலாளரிடம் விரல் ரேகை வாங்கப்பட்டது. ரேகையைக் கொண்டு ஆளை அறியும் முறை வளர்ந்தது நம் இந்திய நாட்டில்தான். வங்காளத்தில் எட்வர்ட் ஹென்றி என்னும் காவல் அதிகாரி, அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இந்தியரின் உழைப்பால் அதனை ஒழுங்குபடுத்தினார். 1897-இல் கல்கத்தாவில் ரேகை நிலையம் எழுந்தது. ஹென்றி 1900-இல் திரான்சுவாலுக்குச் சென்று அங்குக் காவல்துறையை அமைத்தார். ஆசியர் அனைவரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றனர், பெயரை மாற்றிச் சொல்கின்றனர், ஆகவே ரேகை வேண்டும் என்பதே ஆள்வோரின் வாதம். நாவலில் ஒரே அச்சில் வார்த்த உருவமும், அலுவலகத்தில் மை தடவிய பலகையும் ஒரே எண்ணத்தின் இரு பிள்ளைகள் என்பது இங்கே வெளிப்படுகிறது. நியூசிலாந்து அரசும் 1908 முதல், வெளியூர் சென்று திரும்ப விழையும் சீனரிடம் பெருவிரல் ரேகை கேட்டது. அந்நாடு விதித்த தலைவரிக்காக 2002-இல் அதன் பிரதமர் சீன மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

1906-இல் திரான்சுவால் அரசு, அங்குக் குடியிருந்த இந்தியரும் சீனரும் பத்து விரல் ரேகையும் பதிந்து சீட்டுப் பெற வேண்டும் என்று சட்டம் வகுத்தது. காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் இதனை எதிர்த்தே பிறந்தது. இப்போரில் சீனரும் உடன் நின்றனர் என்பதை நம்மில் பலர் அறியார். 1908 சனவரியில் சிறையிலிருந்து அரசுக்குச் சென்ற இணக்கக் கடிதத்தில் மூவர் கையொப்பமிட்டனர். ஒருவர் காந்தியடிகள், ஒருவர் சீனர் சங்கத் தலைவர் லியுங் குவின், மூன்றாமவர் ஜோகன்னஸ்பர்க் தமிழரின் தலைவராக விளங்கிய தம்பி நாயுடு. தமிழரும் சீனரும் ஒரே சிறையில், ஒரே தாளில், ஒரே மானத்துக்காகப் பெயர் எழுதினர். இது எந்தத் துப்பறியும் கதையிலும் வராத காட்சி.

அந்த மைப்பலகை பின்னர் நம் ஊருக்கும் வந்தது. 1930-இல் தங்கவயல் தொழிலாளர் யாவரும் விரல் ரேகை பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. நிலத்தின் அடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்து, மேலேறி வரும்போது பொன் ஒளித்தனரா என்று உடல் சோதிக்கப்பட்டு நின்ற மக்கள் அவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஊரில் தாழ்த்தப்பட்டு, மானத்தோடு வாழ வழிதேடி வந்தவர்கள். ரேகை பதிந்துவிட்டால், ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர்க்கு மற்றொன்றில் இடமில்லை. அதைவிட, ரேகை என்பது குற்றவாளியிடம் வாங்குவது என்ற உணர்வு அவர்களைச் சுட்டது. முறையான தொழிற்சங்கம் வேரூன்றாத அக்காலத்தில், ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைக்கு இறங்காமல் நின்றனர். எங்களைத் திருடர் என்று எண்ணாதீர்கள் என்பதே அவ்வேலைநிறுத்தத்தின் உட்பொருள். திரான்சுவால் சீனரும் தமிழரும் கேட்டதும் அதுவே.

நாமும் வரைந்தோம்

இவ்வளவு பொதுவான வரலாறு இருந்தும், சீனரைப் பற்றிய பொய்முகத்தை நாமும் பிறரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போருக்கு முன்னரே, 1958-இல் வந்த 'ஹௌரா பிரிட்ஜ்' என்னும் இந்திப் படத்தில் மதன் புரி சீன வில்லனாக வேடமிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே மிருணாள் சென் 'நீல் ஆகாஷேர் நீச்சே' என்னும் வங்கப் படத்தில், கல்கத்தா தெருக்களில் பொருள் விற்கும் ஏழைச் சீனர் ஒருவரை அன்புள்ள மனிதராகக் காட்டினார். மகாதேவி வர்மாவின் எழுத்தைத் தழுவிய படம் அது. இரு வழிகளும் நம்முன் இருந்தன.

1962 அக்டோபரில் எல்லைப் போர் மூண்டது. அரசுக்கும் அரசுக்கும் நடந்த போர் அது. நம் வீரர் பனிமலையில் மாண்டனர். நாடெங்கும் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். பொன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. 1963 சனவரியில் பொன் கட்டுப்பாடும் வந்தது. நம் சுரங்கங்கள் மைசூர் அரசிடமிருந்து நடுவண் அரசின் பொறுப்புக்குச் சென்றதும் அந்த 1962-ஆம் ஆண்டிலேயே. தாதா மிராசி இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்' 1963-இல் அப்போரைப் பின்னணியாகக் கொண்டு வந்தது. நாட்டுப்பற்று போற்றத்தக்கதே, அதில் ஐயமில்லை.

ஆனால் அதே வேளையில் வேறொன்றும் நடந்தது. அசாமிலும் வங்காளத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வழியினர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, இராசத்தானத்தின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். முதியோரும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தனர். தேயிலைத் தோட்டத்துத் தச்சரும், தோல் பதனிடுவோரும், பல் கட்டும் மருத்துவரும் எந்தப் படையையும் அறியாதவர்கள். அவர்கள் செய்த குற்றம் முகம் ஒன்றே. திரையில் ஓர் இனமே வஞ்சகம் என்று பழகிய கண்ணுக்கு, அடுத்த வீட்டாரும் பகைவராகத் தெரிவதில் வியப்பில்லை.

2011-இல் ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய 'ஏழாம் அறிவு' இவ்வகையில் ஆராயத்தக்கது. காஞ்சியிலிருந்து சீனம் சென்றதாகக் கூறப்படும் போதிதருமரை அது தமிழர்க்குப் பெருமையோடு நினைவூட்டியது. பழைய நட்பின் கதவைத் திறந்தது. அடுத்த காட்சிகளிலேயே நோய் பரப்பவும், கண்ணால் மயக்கிக் கொல்லவும் வந்த சீனனைக் கொண்டு அக்கதவை மூடியது. அவ்வேடத்தில் நடித்தவர் வியட்நாமில் பிறந்த அமெரிக்கர். நஞ்சும் மாயமும் கொண்ட பூ மான்சூ நூறாண்டு கழித்துத் தமிழ் பேசும் கதைக்குள் வந்தான் எனலாம். 2020-இல் கொரோனா பரவியபோது அப்படத்தை நினைத்துச் சீன மக்களையே பழித்தோர் உண்டு.

இதன் பயன் சீனரோடு நிற்பதில்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின், தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். அந்நகரில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து இளைஞரும் பிழைக்க வந்திருக்கின்றனர். இந்தியராகிய அவர்களைத் தெருவில் சீனர் என்று அழைப்பாரும் உளர். 2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மக்கள் பல்லாயிரவர் பெங்களூரிலிருந்து வண்டி வண்டியாக ஊர் திரும்பினர். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலின்போது அதே நகரில் தமிழர் என்ற ஒரே காரணத்தால் அடிபட்டு, உடைமை இழந்தோரை நாம் மறக்கவில்லை. அந்த நிலையங்களில் மூட்டையோடு நின்ற இளைஞரின் அச்சம் நமக்குப் புதிதன்று.

நம் முகம்

இன்று படம் வரைவோர் நம்மையும் விட்டுவைக்கவில்லை. 2018-இலும் 2022-இலும் வந்த இரு கன்னடப் படங்களால் நம் ஊரின் பெயர் உலகெங்கும் ஒலிக்கிறது. ஆனால் அக்கதையில் சுரங்கம் 1951-இல் கண்டுபிடிக்கப்பட்டதாம். உழைப்போர் பேச்சிழந்த அடிமைக் கூட்டமாம். அவர்களை மீட்க வெளியிலிருந்து ஒரு வீரன் வரவேண்டுமாம். மெய்யான தங்கவயலில் 1880-களிலேயே பொன் எடுக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர், மேலே வந்து பள்ளியும் படிப்பகமும் சங்கமும் இதழும் கண்டனர். எவரும் வந்து மீட்காமலே 1930-இல் தாமே எழுந்து நின்றனர். அப்படங்களைக் கண்டு, இது எங்கள் முகமன்று என்று நாம் சொல்கிறோம். அவ்வாறு சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதே உரிமை குவாங்டுங் உழவரின் வழித்தோன்றலுக்கும், தேவ்லி முகாமில் குழந்தையாய் இருந்தவர்க்கும் உண்டு என்பதை ஏற்கும்போதே நம் முறையீடு முழுமை பெறும்.

பகைநாட்டு அரசின் செயலைக் கண்டிப்பது வேறு. ஒரு மக்களின் முகத்தையே பகையாக வரைவது வேறு. முன்னது குடிமகனின் கடமை. பின்னது, நம் பாட்டனார்களிடம் மைப்பலகையை நீட்டியவரின் பழக்கம்.

எல்லாரும் ஒன்றுபோல் இருக்கின்றனர் என்று சொல்லியே ரேகை கேட்டனர். ஆனால் பதிந்த ரேகைகள் ஆள்வோர் சொன்னதற்கு மாறாகவே சாட்சி கூறின. ஆயிரம் பேர் பதிந்த ஏட்டிலும் ஒருவர் ரேகை மற்றொருவர் ரேகையாகாது. நம் பிள்ளைகள் இனி ஒரு கதையைப் படிக்கும்போதும் ஒரு படத்தைக் காணும்போதும், இதில் வருபவருக்குப் பெயர் உண்டா, ஊர் உண்டா, தாய் உண்டா, அல்லது முகம் மட்டுந்தானா என்று கேட்கப் பழக்குவோம். பெங்களூர் வண்டியில் எதிரே அமர்ந்திருக்கும் மிசோரம் இளைஞரிடம் ஊர்ப்பெயர் கேட்டு உரையாடுவோம். தங்கம் தீர்ந்த நிலத்தில் நம் முன்னோர் விட்டுச்சென்ற மாற்றுக் குறையாத பொன் இதுவே. அதைக் காப்பது நம் கடன்.